பழுதுபார்ப்பும் புதுவரவும் ஒரே பொட்டலத்தில் வேண்டாம்

செல்பேசியோ கணினியோ, அப்டேட் வந்ததும் திரையில் தோன்றும் குறிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: பிழைகளைச் சரிசெய்திருக்கிறோம், புதிய வசதிகளைச் சேர்த்திருக்கிறோம். இரண்டுக்கும் பொத்தான் ஒன்றுதான். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது நன்றாகவே தெரியும். முதலாவது, விற்ற பொருளில் இருந்த குறையை விற்றவரே நிவர்த்தி செய்வது. இரண்டாவது, வாங்கியவர் கேட்காத ஒன்றை அவர் தலையில் கட்டுவது. அது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பயன்படுத்துபவருடையது. திருத்தத்தையும் புதுமையையும் பிரித்துக் கொடுக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே என் கட்சி.

புதியது என்பதாலேயே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை 2024 மார்ச் மாதம் காட்டியது. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. லினக்ஸ் இயங்கும் கணினிகளில் பெரும்பாலும் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் பெரும்பாலும் தனி ஆள். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய புதிய பதிப்புகளில் பின்கதவு ஒன்றை ஒளித்து வைத்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தவருக்கு, 0.3 விநாடியில் முடிய வேண்டிய தொலைநிலை உள்நுழைவு 0.8 விநாடி எடுப்பது உறுத்தியது. அந்த அரை விநாடியைத் துருவிப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மாட்டிக்கொண்டவை எவை என்று பாருங்கள்: டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகள். டெபியனின் நிலையான பதிப்பில் பழைய எக்ஸ்இசட்தான் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் எந்த அப்டேட்டையும் தொடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனமா? இல்லவே இல்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று வன்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியபோது அகப்பட்டவை அந்தத் திருத்தத்தைப் போடாத கணினிகள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவும் அதில் அடக்கம். ஆகவே திருத்தத்தை உடனே போட வேண்டும், புதுமையை நின்று நிதானித்து ஏற்க வேண்டும். டெபியன் நிலையான பதிப்பு இதைத்தான் செய்கிறது. ஒரு மென்பொருளில் ஓட்டை தெரியவந்தால், அதன் புதிய பதிப்பைக் கொண்டுவந்து திணிக்காமல், ஓட்டையை அடைக்கும் வரிகளைப் பெரும்பாலும் பழைய பதிப்புக்கே பொருத்திக் கொடுக்கிறார்கள். ஆரவாரமில்லாத வேலை, அறிமுக விழாவில் காட்டிக் கைதட்டல் வாங்க முடியாது.

பிரிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பைதான் மொழி நல்ல சாட்சி. பைதான் 2-இல் முழு எண்ணான 3-ஐ 2-ஆல் வகுத்தால் விடை 1. பைதான் 3-இல் 1.5. நிரல் நிற்காது, பிழைச் செய்தி வராது, கணக்கு மட்டும் மாறிப்போகும். 2008 டிசம்பரில் வந்த புதிய பதிப்புக்கு அடுத்த நாளே எல்லோரும் மாற வேண்டும் என்று சொல்லியிருந்தால் எத்தனை கணக்குகள் சத்தமில்லாமல் தப்பாகியிருக்கும்! பைதானை உருவாக்குபவர்கள் அப்படிச் செய்யவில்லை. 2020 ஜனவரி 1 வரை, பதினோரு ஆண்டுகளுக்கு மேல், பழையதையும் பராமரித்தார்கள்.

திருத்தம் மட்டும் தனியாக வந்தால் ஆபத்தே இருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோப்பில் புதுவசதி எதுவும் இல்லை, வழக்கமான பாதுகாப்புத் தகவல்தான். மைக்ரோசாப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எப்போதும் ஒரு பதிப்பு பின்னாலேயே இருப்போம் என்று கவனமாக ஏற்பாடு செய்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை, ஏனென்றால் இந்தக் கோப்பு அந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்படாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. திருத்தத்தையும் முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு என்று படிப்படியாக அனுப்ப வேண்டும் என்பதற்கான ஆதாரம் இது. புதுமையோடு கலந்து அனுப்பலாம் என்பதற்கான ஆதாரம் அல்ல.

இன்னொரு ஆட்சேபம் செலவைப் பற்றியது. பழைய பதிப்புகளைப் பராமரிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். எக்ஸ்இசட் போல, ஊதியமில்லாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளும் கருவிக்கு இந்தக் கடமையைச் சுமத்துவது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். பணம் வாங்கி விற்பவர்களின் கதை வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆனால் 30 டாலர் கட்டினாலோ வேறு சில நிபந்தனைகளை ஏற்றாலோ வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கிடைக்கும் என்று அதே மைக்ரோசாப்ட் அறிவித்தது. பிரித்துக் கொடுக்கவும் முடியும், பழையதைப் பராமரிக்கவும் முடியும் என்று அந்தக் கட்டணமே சொல்லிவிடுகிறதே! இன்னும் சிலர், எல்லோரும் மறுத்தால் புதுமை வளராது என்பார்கள். இன்று மின்னஞ்சலிலும் ஆவணம் எழுதும் செயலியிலும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் கேட்காமலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். உண்மையில் உதவுகிறவர் என்றால், வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டோமா?

2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம், தொழில்நுட்ப ரீதியாக முடிந்த இடங்களில் பாதுகாப்புத் திருத்தங்களைப் புதுவசதிகளிலிருந்து தனியாக வழங்க வேண்டும் என்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயமாகின்றன. ஐரோப்பாவுக்காகப் பிரித்துக் கொடுக்கப் போகும் நிறுவனங்களுக்கு நமக்கும் அப்படியே கொடுப்பதில் பெரிய கூடுதல் செலவு இருக்காது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியிலேயே மத்திய, மாநில அரசுகள் இந்த நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.