கைத்திறன் வாழ்க! உயிர் அதனினும் பெரிது!

தோழர்களே! கழித்துப் போட்ட இரண்டு மைக்ரோவேவ் அடுப்புகளின் மின்மாற்றிகளை எடுத்து, தடித்த கம்பியைப் புதிதாகச் சுற்றி, வெல்டிங் யந்திரம் செய்கிறார்கள் நம் லயத்து இளைஞர்கள். பால் வாளி ஏற்றும் மோட்டார் சைக்கிள் சட்டம் ஒடிந்தால் அதனால் ஒட்டிக்கொள்கிறார்கள். அவர்தம் திறமையை மெச்சுகிறேன்.

ஆனால் அம்மின்மாற்றி 240 வோல்ட்டைச் சுமார் 2,000 வோல்ட்டாக உயர்த்தப் பிறந்தது. அடுப்பிலுள்ள கண்டென்சரோ, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பிரிக்கும் கையே பலியாகலாம்!

இளைஞன் ஏன் இவ்விஷப்பரீட்சையில் இறங்குகிறான்? சட்டம் ஒடிந்த நாளில் கூலியும் ஒடிகிறதே! தொழிலாளிக்குப் பாதுகாப்பும் பயிற்சியும் அளிப்பது முதலாளியின் கடமையென்கிறது 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். ஆகவே, தோட்டந்தோறும் முறையான யந்திரம், முகக்கவசம், பயிற்சி கேட்போம். கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அதுவரை அந்த அடுப்பைத் தொடாதீர்கள்!