யானையைக் கொடுத்து அங்குசத்தை மறுப்பதா?

கொழும்பு மாநகரின் பெருங்கல்லூரி மாணவனுக்கும் நெடுந்தீவு மாணவனுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை! சாதாரண தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலும் ஒரு பாடம். முன்னவன் கணினியை இயக்கிக் கற்கின்றான். பின்னவனோ, மின்சாரம் நின்றுவிட்டால், கணினியின் படத்தைப் பார்த்துக் கற்க வேண்டியவனாகின்றான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? 1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் மலர்ந்த இலவசக் கல்வி வாக்களித்த சமவாய்ப்பு இதுதானா?

நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் மின்வலையோடு இணையாத தீவுகள். கடல் கடந்து வரும் டீசல் எண்ணெயே நெடுங்காலமாக அங்கு விளக்கின் உயிர். 2022ஆம் ஆண்டிலே செலாவணி வற்றி, எண்ணெய் வாங்க வழியின்றி, நாடே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டில் உழன்றது. எண்ணெயை நம்பியிருப்போர் செலுத்தும் விலை யாதென்பதை அன்று யாவரும் அறிந்தனர்.

மாற்றுவழி முன்னரே தெரிந்திருந்தது. இத் தீவுகளுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் அளிக்கும் பணியை 2021 ஜனவரியிலே சீனக் கம்பனியொன்றுக்கு வழங்க அமைச்சரவை இணங்கியது. இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் இந்திய உதவியுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச் முதலாம் நாள்தான் ஒப்பந்தம்! ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு மட்டும் மூன்று ஆண்டுகள்! வல்லரசுகளின் சதுரங்கத்திலே எமது பிள்ளைகளின் படிப்பும் ஒரு காயா?

பெருந்திட்டங்கள் வரட்டும், வரவேற்கின்றோம். ஆயின் பாடசாலை ஏன் காத்திருக்க வேண்டும்? கணக்கைப் பாருங்கள். மடிக்கணினி ஒன்றுக்கு ஏறத்தாழ 40 வாற்று. பத்துக் கணினிகள் நாள்தோறும் நான்கு மணி நேரம் இயங்க 1.6 அலகு மின்சாரம் போதும். ஒரு கிலோவாற்றுச் சூரியத் தகடுகள் எமது வடபுலத்து வெயிலில் நல்ல நாளொன்றில் நான்கு அலகு வரை தரும். பாடசாலைக் கூரையிலே வீணே காயும் வெயிலுக்கு எந்த வல்லரசின் அனுமதி வேண்டும்?

இவ்விடத்தில் எமது தலைவர்களுக்கும் கொடையாளருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தகட்டை நாட்டி, கணினியைக் கையளித்து, மாலை சூடிப் படம் பிடித்துத் திரும்பினால் கடமை முடிந்ததா? இல்லை! பெரு நாட்டு அரசு ஏழைச் சிறார்க்கு இலட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கியது. அங்கே 319 கிராமப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு யாது? கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. கருவி சென்றது, கற்பிக்கும் முறை மாறவில்லை.

சூரியத் தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். ஈய மின்கலமோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். மின்கலம் ஓய்ந்த அன்றே கணினிகள் வெறும் பெட்டிகள். குளத்தைக் கட்டிவிட்டு மதகையும் வாய்க்காலையும் பேணாது விட்டால் வயல் விளையுமா? எமது கமக்காரரைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். யானையைக் கொடுத்து அங்குசத்தை மறுப்பது கொடையன்று, கேலி!

ஆதலால் மூன்றைக் கேட்கின்றோம். ஒன்று, மின்கலம் மாற்றுவதற்கான பணத்தை முதல்நாளே தனி நிதியாக ஒதுக்குக. இரண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரையும், பழுது பார்க்கக் கற்ற அத் தீவின் இளைஞர் ஒருவரையும் நிலைநிறுத்துக. மூன்று, இணையம் எட்டாத வேளையிலும் பயிலத்தக்க தமிழ் நூல்களைக் கணினியிலே ஏற்றித் தருக. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் சிறியதொரு நினைவகத்தில் அடக்கலாம். அதற்கு வேண்டியது மனமே.

பொறியியலாளரே! வைத்தியரே! சட்டத்தரணிகளே! இலவசக் கல்வி என்னும் ஏணியால் ஏறியவர்கள் நீங்கள். உங்கள் பின்னே வரும் பிள்ளைக்கு அந்த ஏணி எட்டாதிருக்க விடுவீர்களோ? கமக்காரப் பெருமக்களே! நீரிறைக்கும் இயந்திரத்தைப் பேணத் தெரிந்த உங்கள் கைகள் பாடசாலை மின்கலத்தையும் பேணவல்லன.

திறப்பு விழாவுக்கு மாலையோடு வருவோர் பலர். ஐந்தாம் ஆண்டிலே புதிய மின்கலத்தோடு வருபவர் எவரோ, அவரே எமது பிள்ளைகளின் நண்பர். மற்றையோரை மக்கள் இனங்காண்பார்களாக!