அத்தே, ஒரு பாம்புக்கு வீடு வேணுமாம்!

போன மாதம் ஒரு நாள் மத்தியானம். ஊறுகாய்க்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். (வடுகபட்டிக்காரிக்குப் பூண்டை விட்டால் வேறு பேச்சே இல்லையா என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர்ப் பூண்டுச் சந்தை பிரசித்தம் அல்லவா!) அண்ணன் மகள் இடுப்பில் குழந்தையும் கையில் செல்போனுமாக வந்து நின்றாள்.

"அத்தே, ஒரு பாம்புக்கு வீடு வேணுமாம். நம்ம எடுத்துக்கிருவமா?"

கையிலிருந்த கத்தி நழுவியது. "ஆத்தீ! என்னது?"

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இவள் பள்ளிக்கூட நாளிலேயே கோலப் போட்டியில் பரிசு வாங்கியவள். கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, குழந்தை தூங்கும் நேரத்தில் வாட்டர் கலரில் படம் வரைகிறாள். அதைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். முதலில் கோலமும் அம்மன் முகமும்தான். அப்புறம் யாரோ தங்கள் நாயை வரைந்து தரச் சொன்னார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் பூனையை. படத்துக்கு 500, 1,000 என்று வருகிறது. "சும்மா கிறுக்கிக்கிட்டு இருக்கா" என்று அலுத்துக்கொண்ட மாமியாரே இப்போது வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டுகிறார்.

அப்படித்தான் வெளியூர்ப் பையன் ஒருவன், தான் வளர்க்கும் மலைப்பாம்பை வரைந்து தரச் சொல்லியிருக்கிறான். எட்டடி நீளமாம். மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தாள். படத்தை நானும் பார்த்தேன். பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது. மஞ்சளும் பழுப்புமாகச் சுங்குடிச் சேலையை மடித்து வைத்த மாதிரி. படம் முடிகிற சமயத்தில் அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. 'நீங்கள் இவ்வளவு பாசமாக வரைந்திருக்கிறீர்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடிப் பெட்டியோடு இலவசம்' என்று எழுதிவிட்டான்.

"ஒவ்வொரு செதிலா வரைஞ்சிருக்கேன் அத்தே. எம்புள்ள மாதிரி ஆயிருச்சு" என்றாள்.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. மூன்று வாரம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் பாசம் வரத்தான் செய்யும். ஆனால் படத்துக்குப் பசிக்காது; பாம்புக்குப் பசிக்கும். எட்டடிப் பாம்பு எலியோடு நிற்காது, கோழியும் முயலும் கேட்கும். அது வளர வளரப் பெட்டியும் வளர வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதற்குள் இவள் குழந்தைக்கே கல்யாண வயது வந்துவிடும்!

என் கொழுந்தனார் வனத்துறையில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன்.

"மதினி, முதல்ல அதுக்குப் பேப்பர் இருக்கான்னு கேளுங்க" என்றார். நம் காட்டு மலைப்பாம்பு, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. 'இது வெளிநாட்டுப் பாம்பு' என்று பையன் சொல்கிறான். ஆனால் பர்மா மலைப்பாம்பும் நம் மலைப்பாம்பும் அக்கா தங்கை மாதிரி. போட்டோவைப் பார்த்து நீங்களும் நானும் கண்டுபிடிக்க முடியாது. வெளிநாட்டுப் பாம்பே என்றாலும் தப்ப முடியாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2024-இல் விதியும் கொண்டுவந்துவிட்டார்கள். எந்த வெளிநாட்டு மலைப்பாம்பானாலும் 'பரிவேஷ்' என்ற அரசாங்க இணையதளத்தில் பதிய வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இவையெல்லாம் எந்த வழியாக வருகின்றன தெரியுமா? 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், கேட்பாரற்றுக் கிடந்த பைகளுக்குள் 45 'பால் பைத்தான்' பாம்புகள் இருந்தன. பாங்காக் விமானத்தில் வந்தவை.

பையனிடம் பேப்பர் கேட்டாள். பதிலுக்கு ஒரு சிரிக்கிற பொம்மை வந்தது, அவ்வளவுதான்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இடுப்பில் இருந்த குழந்தைதான். பாம்பு, ஆமை, பல்லி இனங்களின் குடலில் 'சால்மொனெல்லா' என்ற கிருமி சாதாரணமாக இருக்கும். அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் கழிவு வழியாகத் தோலிலும் பெட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். பாம்பைத் தொட்ட கையோடு பால் பாட்டிலைத் தொட்டால் போதும், குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சமயத்தில் ரத்தத்திலேயே கலந்துவிடும். பாம்பைக் குழந்தை தொட வேண்டும் என்பதுகூட இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இவற்றை வளர்க்கவே கூடாது என்பது டாக்டர்கள் சொல்வது. அமெரிக்காவில் சின்னச் சின்ன ஆமைக்குட்டிகளால் ஏராளமான பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்து, 1975-இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கவே தடை போட்டார்கள். மீன் தொட்டிக் கடையில் ஆமைக்குட்டி வாங்கி வைத்திருக்கிற சகோதரிகளும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள். 'முடியாது' என்று எழுதிப் போட்டாள். அவனிடமிருந்து வந்த பதில்தான் எங்களைத் தூங்கவிடவில்லை.

'அப்போ ஏதாவது கண்மாய்ப் பக்கம் விட்டுடறேன். காட்டு ஜீவன்தானே, பிழைச்சுக்கும்.'

இங்கேதான் உங்களுக்கு மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். இந்த இருவரையும் 2017-ஆம் வருஷத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வரவழைத்தார்கள். எதற்கு? பாம்பு பிடிக்கத்தான். ஆசைக்கு வாங்கிய பர்மா மலைப்பாம்புகள் பெரிதானதும், வைத்துக்கொள்ள முடியாமல் அங்கே சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டார்கள். பண்ணைகளிலிருந்து தப்பியவையும் சேர்ந்துகொண்டன. ஒரு பெண் பாம்பு ஒரு தடவைக்கு ஐம்பது, அறுபது முட்டை இட்டால் கேட்பானேன்? 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, மரநாய் மாதிரி உள்ள 'ரக்கூன்' என்ற பிராணி அங்கே சாலையோரங்களில் தென்படுவது நூற்றுக்கு 99 பங்கு குறைந்துபோயிருந்தது.

அவ்வளவு பெரிய தேசம், நம் ஊர் இருளர்களின் கண்ணையும் கையையும் நம்பி வேண்டியிருந்தது பாருங்கள்! வந்த எட்டே நாளில் 13 பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். பழைய ஏவுகணைத் தளம் ஒன்றின் குழாய்க்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று.

அந்த ஃபுளோரிடாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு; அது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2006-லிருந்து, வளர்க்க முடியாத வெளிநாட்டுப் பிராணியை யார் வேண்டுமானாலும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கலாம். ஏன், எப்படி என்று தண்டனை கிடையாது. வளர்க்கத் தகுதி உண்டா என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் 2020 ஜூனில், ஆறு மாதத்துக்குள் தாமாகச் சொல்பவர்களிடம் பேப்பர் கேட்க மாட்டோம் என்று ஒரு சலுகை வந்து, பிறகு முடிந்துவிட்டது. ஒப்படைக்கப் பயந்துதானே பையன்கள் ராத்திரியில் சாக்கோடு கண்மாய்க்குப் போகிறார்கள்? கதவை எப்போதும் திறந்து வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

கொழுந்தனாரோ, "தானா கொண்டுவந்து குடுக்கறவனுக்கும், விட்டுட்டு ஓடுறவனுக்கும் வித்தியாசம் இருக்கு மதினி. அவன் ஊர் ரேஞ்சர் ஆபீஸ்ல சொல்லச் சொல்லுங்க" என்றார். இதை அப்படியே எழுதினாள் என் மருமகள். அதோடு தன் கைச்சரக்காக ஒரு வரி சேர்த்தாள்: 'கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்ததுக்கு வேட்டை தெரியாது. ஒன்று பட்டினி கிடக்கும், இல்லையென்றால் யார் கம்பிலாவது அடிபடும். நான் வரைந்த முகம் அது.'

நாலு நாள் பதிலே இல்லை. அவள் சாப்பிடவில்லை, எனக்கும் எந்தக் கண்மாய்க் கரையைப் பார்த்தாலும் அதே நினைப்பு. ஐந்தாம் நாள் போட்டோ வந்தது. காலிப் பெட்டி. வனத்துறைக்காரர்கள் வந்து, எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்களாம். படத்தை மட்டும் தனக்கு அனுப்பச் சொல்லியிருந்தான். அட்டை வைத்துக் கட்டி, அன்றைக்கே கூரியரில் போட்டாள்.

பாம்பு வரைகிற ஆசை விடவில்லை. சென்னைக்குப் போகும்போது கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள். 1972-லிருந்து இருக்கிற இடம். உட்கார்ந்து நிதானமாக வரையட்டும்.

நேற்று அந்தப் பையனிடமிருந்து இன்னொரு செய்தி. 'கண்ணாடிப் பெட்டி சும்மாதான் கிடக்கிறது. வேணுமா அக்கா?'

மாமியார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "வேணாம்னு சொல்லு தாயி. பொட்டி வந்தா, உள்ள போட ஒண்ணத் தேடுவ!"