பிசுக்கு விடாத டப்பா

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே இருக்கிறது பாகாலா. காட்பாடி-திருப்பதி ரயில் பாதையிலிருந்து தர்மாவரம் பாதை பிரியும் சந்திப்பு. சுற்றிலும் மாந்தோப்புகளுக்குப் பேர் போன சீமை. கோடையில் ஆவக்காய் போடுவது இங்கே வீட்டு விசேஷம் மாதிரி. ஒரு காலத்தில் ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. வாயில் வெள்ளைத் துணிக் கட்டு. இப்போது பல வீடுகளில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் டப்பா பிடித்துக்கொண்டுவிட்டது. ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. டப்பாவோ நாலு முறை தேய்த்த பிறகும் கையில் ஒட்டுகிறது.

இதில் சோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. உணவு டப்பாக்களுக்குப் பயன்படும் பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன் போன்றவை தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளும். மெல்லிய படலமாகப் படியும் எண்ணெய், கொஞ்சம் உள்ளேயும் ஊறுகிறது. மேலே நிற்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் பிசினாகிறது. பெயின்ட்டில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகுவதும் இப்படித்தான். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். கடலை எண்ணெய் மெதுவாக. தேங்காய் எண்ணெய் அநேகமாக ஆவதே இல்லை.

எனவே முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயைப் பிசுக்கின் மேல் தடவி அரை மணி நேரம் விட்டுவிடலாம். இளகியதும் பழைய துணியால் வழித்தெடுத்து, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு பாத்திர சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். லேபிளை உரித்த இடத்தில் மிஞ்சும் கோந்துக்கும் இதே வைத்தியம்தான். மஞ்சள் கறை மட்டும் போகாவிட்டால் கவலை வேண்டாம். சில மணி நேர வெயிலில் வெளுத்துவிடும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும். அழுக்கும் கிருமியும் அங்கேதான் குடியேறும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகக் கூடாது. தண்ணீர் பாட்டில் மாதிரியான பெட் ஜாடியில் கொதிநீர் ஊற்றினால் அது சுருங்கிக் கோணிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, வெறுமனே மூடி வைத்த டப்பா ஒரு வாரத்தில் மறுபடி பிசுபிசுத்தால்? உள்ளே ஊறிய பழைய எண்ணெய் கசிகிறது என்று பொருள். அல்லது பிளாஸ்டிக்கே கெடுகிறது. மென்மையான பி.வி.சி. மூடிகளில், வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்த பொருள் காலப்போக்கில் மேலே வந்து ஒட்டும். எதுவானாலும் அது இனி உணவுக்கு ஆகாது. ஊறுகாயின் எண்ணெயும் புளிப்பும் மாதக் கணக்கில் அதோடு உறவாடுவது நல்லதல்ல.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. உணவைத் தொடும் பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் இறங்கும் பொருள் மொத்தம் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள். ஆனால் பெயின்ட் வந்த வாளியில் அரிசி கொட்டி வைக்கும் வீட்டுக்கு எந்த விதி காவல்? வாங்கும்போதே அடிப்பாகத்து முக்கோணத்தைப் பார்ப்பது நல்லது. 2, 4, 5 என்றால் பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன் வகை. 3 என்றால் பி.வி.சி. உணவுக்கென்று செய்ததா என்பதையும் கேட்க வேண்டும். எண் மட்டும் அதைச் சொல்லாது.

காசு கொடுத்து வாங்கியதை எறிய யாருக்கும் மனம் வராதுதான். ஆணி, திருகாணி போட்டு வைக்கலாம். ஆவக்காய் பழையபடி ஜாடிக்கே திரும்பட்டும். ஆயுள் முடிந்தால் ஜாடி உடைந்து சொல்லும். டப்பா உடையாது, பிசுபிசுத்துத்தான் சொல்லும்.