பச்சை ஃபிரேம் இருந்தால் போதுமா?

1972 ஏப்ரலில், இத்தாலியின் இமோலா பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களையும் டுகாட்டி அள்ளியது. வென்றவர் பால் ஸ்மார்ட். அந்த வெற்றியின் நினைவாக 1974-ல் வந்ததுதான் 750 சூப்பர் ஸ்போர்ட். வெள்ளி நிற உடம்பு, நீலம் கலந்த பச்சை ஃபிரேம். தயாரானவை சுமார் 400 வண்டிகள்தான்!

இன்று அதன் விலை, அதே காலத்து 750 ஜி.டி.யைவிடப் பல மடங்கு. அதனால் போலிகளும் உண்டு. சாதாரண 750-க்குப் பச்சை பெயின்ட் அடித்து, டேங்க்கை மாற்றினால் பார்வைக்கு அசல் மாதிரியே நிற்கும்.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது எண்களைத்தான். டுகாட்டியில் ஃபிரேம் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாக இருக்காது. ஆனால், இரண்டும் அந்த மாடலுக்குரிய வரிசையில் வர வேண்டும். எண்ணைச் சுரண்டிய தடம் தெரிந்தால் உஷார்!

அடுத்து இன்ஜின். ஜி.டி.யில் வால்வை மூடுவது ஸ்பிரிங். சூப்பர் ஸ்போர்ட்டில் டெஸ்மோ முறை. திறப்பது போலவே மூடுவதும் கேமின் வேலை. இதைப் பெயின்ட்டால் மறைக்க முடியாது.

அசல் டேங்க் ஃபைபர் கிளாஸ். பெட்ரோல் அளவு தெரிய, பெயின்ட் படாத கோடு ஒன்று அதில் இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஃபைபரைக் கெடுப்பதால், பலர் உலோக டேங்க்குக்கு மாறிவிட்டார்கள். அது மோசடி அல்ல. ஆனால், பழைய டேங்க்கும் கூடவே வந்தால் மதிப்பு அதிகம்.

விற்பவர்களும் கவனிக்க வேண்டும். பளபளப்புக்காகப் பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தால், அசல் என்பதற்கான சாட்சியும் அதோடு போய்விடும். மறுபடி எவ்வளவு அழகாக அடித்தாலும் அது திரும்பாது.