வாங்குமுன் எண்ணுக

குப்பையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குப்பைத் தொட்டியிலிருந்தே பேச்சைத் தொடங்குகின்றனர். தொட்டி போதவில்லை, வண்டி காலத்தில் வருவதில்லை, நகராட்சியார் கவனிப்பதில்லை என்பன அவர் கூறும் குறைகள். இவற்றுட் சில மெய்யே. ஆயினும் வீட்டுக் குப்பையின் பிறப்பிடம் கடைவீதியாகும். நாம் விரும்பி வாங்கும் பொருளோடு நாம் விரும்பாத உறையொன்றும் உடன் வருகின்றது. பொருள் சில நாளில் தீர்ந்துபோக, உறை நெடுங்காலம் அழியாது நிற்கின்றது. ஆதலின் குப்பையைக் குறைக்கும் எண்ணம் நமக்கு விலை கொடுக்கும்போதே தோன்றுதல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் கூறப்புகுந்தது.

உழவர்கரை என்னும் பெயரே நம் ஊரின் பழைய தொழிலைக் காட்டும். உழவர் மனையில் சாணமும் சாம்பலும், கூளமும் காய்த்தோலும் எருக்குழியை அடைந்து, மட்கியபின் வயலுக்குச் சென்றன. குப்பை என்னும் சொல்லே அவர் வாயில் எருவையுங் குறித்தது. பிரெஞ்சு ஆட்சியார் 1880-ஆம் ஆண்டில் இவ்வூரைத் தனிக் கொம்யூனாக அமைத்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உழவர்கரை நகராட்சியின் மக்கட்டொகை ஏறத்தாழ 3 லட்சம். இது புதுவை நகராட்சியினும் மிகுதி. மனைகள் பெருகப் பெருக வயல்கள் சுருங்கின, எருக்குழிகளும் தூர்ந்தன. குப்பை மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

அக்குப்பை எங்கே செல்கின்றது? புதுவை, உழவர்கரை ஆகிய இரு நகராட்சிகளின் குப்பையும் பல ஆண்டுகளாகக் குருமாம்பேட்டில் மலைபோற் குவிக்கப்பட்டது. ஈரக் கழிவு பிளாஸ்டிக்குடன் கலந்து காற்றுப்புகாமல் அழுகுமிடத்து, தீப்பற்றும் மீத்தேன் என்னும் வாயு எழும். கழிவுநீர் நிலத்துட் கசியும். பழைய குவியலைக் கிளறிச் சலித்து வகைபிரிக்கும் பணி பின்னர் அங்கே பொதுப்பணத்தைக் கொண்டு மேற்கொள்ளப்பட்டது. வீட்டில் ஒரு நொடியிற் பிரித்திருக்கக்கூடியதைப் பின்பு பொறிகொண்டு பிரிக்க நேர்ந்தது வருந்தத்தக்கதன்றோ? நாற்றத்தையும் புகையையும் தாங்குவோரோ, குவியலுக்கு அருகில் வாழும் எளிய மக்கள். நமக்கு வாயிற்படியோடு முடிந்துபோகும் குப்பை அவர்க்கு அங்கே தொடங்குகின்றது.

நிற்க. நமக்கு அண்மையிலுள்ள கடலூர், சிற்றுறை வாணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர். 1983-இல் சி. கே. ரங்கநாதன் அங்கே தொடங்கிய தொழிலின் 'சிக்' சாம்பு, சிறு உறைகளாய் நாடெங்கும் பரவிற்று. செல்வர்க்கே எட்டிய பொருள் சில்லறைக் காசுக்கு ஏழைக்கும் கிட்டியது; இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் சிற்றுறைகள் பலவும் வெவ்வேறு படலங்கள் ஒட்டிய தாளால் ஆனவை. பழம்பொருள் கொள்வோரும் அவற்றைத் தீண்டார். நாட்கூலி பெறுவோர் அன்றன்று வேண்டியதை வாங்குவதைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. மாதச் சம்பளம் பெறுவோரும் அவ்வாறே வாங்குவதுதான் சிந்திக்கத்தக்கது.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, தீங்குதரும் கழிவு எனக் குப்பையை மூன்றாக வீட்டிலேயே பிரிக்கப் பணித்தன. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பல 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் விலக்கப்பட்டன. உறை செய்வோரும் அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பினராவர் என்று சட்டம் கூறுகின்றது. அப்பொறுப்பை அவர்பால் வற்புறுத்திக் கேட்டல் நம் கடமையே. ஆயினும் அவர் செய்யுமளவும் நாம் வாளாவிருத்தல் தகாது.

நாம் செய்யத்தக்கன அரியவல்ல. வேண்டுவனவற்றைக் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்க. துணிப்பையைக் கையோடு கொள்க. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது இப்பழைய வழக்கத்தை உயிர்ப்பிக்கவே. எண்ணெய்க்குக் கலமும், மீனுக்குத் தூக்கும் கொண்டுபோதல் நம் பாட்டிமார் நாணாமற் செய்தது. அளவறிந்து உலையேற்றுக, மிஞ்சிய சோற்றை நீரூற்றிப் பழஞ்சோறாக்குக. நம் நாட்டு நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கக்கூடியதே. காய்த்தோலையும் காய்ந்த சருகையும் மாறிமாறி ஒரு துளைத் தொட்டியிலிட்டு, ஈரம் மிகாமற் கிளறிவரின், இரண்டு மூன்று திங்களில் நல்லெரு கிடைக்கும். தாளும் புட்டியும் நனையாமலிருப்பின் பழம்பொருள் கொள்வோர்க்குப் பிழைப்பாகும்.

ஒரு வீடு திருந்துவதனால் ஊர் திருந்துமோ என வினவுவர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். உழவர்கரையார் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரே ஓர் உறையை வேண்டாவென மறுப்பின், நாடோறும் 3 லட்சம் உறைகள் குறையும். ஆண்டுக்கு அது 10 கோடியைத் தாண்டும். எந்த நகராட்சி வண்டியும் இவ்வளவு உறைகளைப் பிறவாமற் செய்ய இயலாது.

மாணவ நண்பர்காள்! இவ்வழக்கம் நம் விடுதிகளிலும் விழாப் பந்திகளிலும் தொடங்குவதாக. பழைய மாணவர்களும் தத்தம் இல்லங்களில் இதனை மேற்கொள்வராக. இனி ஒரு பொருளைக் கையிலெடுக்கும்போது, இதன் உறை நாளை யார் வாயிலில் கிடக்கும் என்று ஒரு கணம் எண்ணுவோமாக.