வளையலைக் கழற்றாதே, தங்கச்சி!



சென்ற மாதம் கோவையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தாள். வயது 31. மிக்ஸி, கிரைண்டர் விற்கிற கம்பெனி ஒன்றில் 6 வருஷம் மார்க்கெட்டிங் வேலை பார்த்தவள். ஈரோடு, பொள்ளாச்சி, உடுமலை என்று டீலர் டீலராக ஏறி இறங்கியவள். பெண் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். இப்போது குழந்தைக்கு 3 வயது.

"மறுபடி ஊர் ஊராக அலைய முடியாது, அக்கா. சாஃப்ட்வேர் படித்தால் உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். 9 மாதப் பயிற்சி, முடித்தால் வேலை நிச்சயம் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள். கட்டணம் 1,80,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 20,000 தள்ளுபடியாம். அம்மா போட்ட 6 வளையல் இருக்கிறது. அடகு வைக்கலாமா? வீட்டுக்காரர் 'உன் இஷ்டம்' என்கிறார். மாமியார் வாயே திறக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது!"

வெள்ளிக்கிழமை நமக்காகக் காத்திருக்குமா? கடிதத்தைப் படித்த கையோடு போன் போட்டுப் பேசிவிட்டேன். ஆனால் இதே கேள்வி உங்களில் பலருடைய மனத்திலும் இருக்கும். அதனால் அவளிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

தங்கச்சி, முதலில் இந்த வேலை என்னவென்று பார்ப்போம். சமையலே தெரியாத பெண்ணுக்குப் போனில் ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாயா? "புளியைக் கரைத்து விடு" என்றால், எவ்வளவு புளி, எவ்வளவு தண்ணீர் என்பாள். "நுரை கட்டியதும் இறக்கு" என்று சொல்ல மறந்தாயோ, அது கொதித்து வற்றுகிற வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். கம்ப்யூட்டரும் அப்படித்தான். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. ஒன்று விடாமல், வரிசை மாறாமல் அதற்குச் சொல்லி வைப்பதுதான் புரோகிராம். எழுதுவது ஒரு பங்கு வேலை என்றால், ரசம் ஏன் கரித்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது இரண்டு பங்கு வேலை. அந்தத் தேடல் உனக்கு எரிச்சல் தருகிறதா, ருசிக்கிறதா? இது தெரிவதற்கு முன்னால் ஒரு பைசா கட்டாதே.

"குழந்தைக்காரிக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைக் கதை. இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷர்லி என்று ஒரு பெண்மணி. 1962-ல், வெறும் 6 பவுண்டு முதல் போட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தார். கல்யாணத்துக்காகவும் குழந்தைக்காகவும் வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். அவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பென்சிலும் காகிதமுமாக புரோகிராம் எழுதினார்கள். முதல் 300 பேரில் ஆண்கள் 3 பேர்தான்! பெண் பெயரில் கடிதம் போட்டால் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார். போனில் பேசும்போது குழந்தை அழுவது கேட்காமலிருக்க, டைப் அடிக்கிற சத்தத்தை டேப்பில் ஓட விட்டாராம். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு புரோகிராம் எழுதியதும் இவர்கள்தான். 2025-ல் தமது 91-ஆவது வயதில் அவர் காலமானார்.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதல்லவா? ஆனால் ஒன்றைக் கவனி. அந்தப் பெண்கள் வேலையை முன்பே கற்றவர்கள். நீ இனிமேல்தான் கற்க வேண்டும். ஆகவே, வீட்டிலிருந்தே வேலை என்பது முதல் நாளே கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதே. முதல் ஒன்றிரண்டு வருஷம் ஆபீசுக்குப் போய், 22 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பழைய சம்பளத்தைவிடக் குறைவாகக்கூட வாங்க வேண்டியிருக்கும். இதை வீட்டில் இப்போதே சொல்லி வை. பிறகு சொன்னால் அது சண்டை!

இன்னொன்று. உன் 6 வருஷம் வீண் என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருந்தாய். யார் சொன்னது? எந்த டீலருக்கு எந்தக் கணக்கு எப்போது தேவை என்று உனக்குத் தெரியும். வாடிக்கையாளர் வாயால் கேட்பது ஒன்று, மனத்தில் நினைப்பது வேறொன்று என்பதும் தெரியும். சாஃப்ட்வேர் கம்பெனியில் இதைத் தெரிந்து சொல்லவே தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். மாதா மாதம் எக்ஸெல்லில் விற்பனைக் கணக்குப் போட்டாயே, அதில் எழுதிய ஃபார்முலாவும் ஒரு குட்டி புரோகிராம்தான். அங்கிருந்து ஒரு படி மேலே எஸ்.க்யூ.எல். பெரிய கணக்குப் புத்தகத்தில் வேண்டியதை மட்டும் கேட்டு எடுக்கிற மொழி அது. அதற்கடுத்த படி பைதான். விற்பனைக் கணக்கை அலசுவது, புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று சோதிப்பது போன்ற வேலைகள் உனக்குப் பக்கத்து வாசல். அதன் வழியாக நுழை. உள்ளே போனபின் அடுத்த அறைக்கு நடக்கலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து சின்னச் சின்ன புரோகிராம்களைத் தானே எழுதிக் கொடுக்கிறது. அதனால், நாலு வரி எழுதத் தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கமாட்டார்கள். எதைக் கேட்க வேண்டும், வந்த பதில் சரியா என்று பார்க்கத் தெரிந்தவளுக்கு மதிப்பு உண்டு. அங்கேயும் உன் பழைய அனுபவம் கைகொடுக்கும்.

சரி, அந்த வளையல் விஷயம். என் தங்கை மகள் இதே போல ஓரிடத்தில் சேர்ந்தாள். "வேலை நிச்சயம்" என்ற வார்த்தைக்குக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். எல்லாப் பரீட்சையிலும் இத்தனை மார்க், எந்த ஊருக்கும் போகச் சம்மதம், ஒரு வகுப்புகூடத் தவறக் கூடாது! குழந்தைக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் போகவில்லை. நிச்சயம் போச்சு! கட்டணத்துக்கு அவள் பெயரில் கடன் போட்டிருந்தார்கள். படிப்பு நின்றது, தவணை நிற்கவில்லை. பிறகு அவளாகவே வீட்டில் படித்து, 14 மாதம் கழித்து ஒரு சின்னக் கம்பெனியில் சோதனை பார்க்கிற வேலையில் சேர்ந்தாள். தவணையை அந்தச் சம்பளத்தில்தான் அடைத்தாள், பாவம்.

ஆகவே, எந்த இடமானாலும் நான்கு கேள்வி கேள். நிபந்தனைகள் எல்லாம் எழுத்தில் உண்டா? சென்ற வருஷம் முடித்தவர்களில், அவர்கள் காட்டுகிறவர்கள் அல்லாமல், நீயாகத் தேடிய இரண்டு பேரோடு பேச முடியுமா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? கடன் யார் பெயரில்? வெள்ளிக்கிழமைக்குள் கட்டு என்று அவசரப்படுத்துகிறவனிடம் சனிக்கிழமை வரை பொறுத்துப் பேசு. நீயே விற்பனை பார்த்தவள். தள்ளுபடித் தந்திரம் உனக்கா தெரியாது?

காசில்லாமல் கற்க வழி இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் ஆரம்பப் பைதான் உண்டு. கேட்கக் கட்டணமில்லை, சான்றிதழ்ப் பரீட்சைக்கு மட்டும்தான் பணம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் இருக்கின்றன. பட்டமே வேண்டுமென்றால், சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. எழுத வேண்டாம். அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வகுப்பு வீட்டில், பரீட்சை நேரில். பாதியில் நிறுத்தினாலும், முடித்த படிக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. இதற்குக் கட்டணம் இருக்கிறது. ஆனால் பருவம் பருவமாகக் கட்டலாம்.

முதலில் 3 மாதம், தினம் ஒரு மணி நேரம். குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்துக்கொள். உன் தூக்கத்தைத் திருடிப் படிக்காதே. தூங்காத மூளையில் எதுவும் ஏறாது. கட்டிலில் சாய்ந்தபடி படிக்காமல் மேஜை, நாற்காலி போட்டு உட்கார். அரை மணிக்கொரு தரம் எழுந்து தூரத்தில் தெரிகிற தென்னை மரத்தைப் பார். முதுகும் கண்ணும் உன்னை வாழ்த்தும்.

படிப்பதோடு நிறுத்தாமல், வீட்டுக்கு உபயோகமாக ஒன்று செய்து பார். உன் மாமியார் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறார் என்றாயே, அந்த நோட்டைக் கேட்டு வாங்கு. யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்லும் புரோகிராம் எழுது. 3 மாதம் கழித்தும் ஆசை குறையாமலிருந்தால், தாராளமாக மேலே போ. குறைந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, வளையல் கையில் இருக்கும்.

இவ்வளவும் சொல்லி போனை வைத்தேன். நேற்று அவளிடமிருந்து நாலே வரி வந்தது:

"வளையல் கையில்தான் இருக்கிறது, அக்கா. மாமியார் நோட்டைக் கொடுத்தார். புரோகிராம் ஓடுகிறது, ஆனால் 3 ரூபாய் உதைக்கிறது. நானும் மாமியாருமாக ராத்திரி பத்து மணி வரை தேடினோம். தப்பு என் புரோகிராமில் இல்லை, அவர் நோட்டில்! இப்போது வாயைத் திறந்துவிட்டார். 'இன்னும் என்னென்ன செய்யும் இது?' என்று கேட்கிறார்."